கடைசி வரியிலிருந்து

வியாழக்கிழமை காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் நூற்றுப் பதினாறு பக்க ஆங்கிலக் கையேடு கிடந்தது. மதியத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும். நான் மூன்றாவது முறையாக எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆங்கிலப் பிழை திருத்துவது என் வேலை. சம்பளம் அதற்குத்தான். சம்பளம் இல்லாத இடத்திலும் அதையேதான் செய்வேன். கடைப் பலகை, பஸ் டிக்கெட், பக்கத்து வீட்டுக்காரி ஒட்டிய வாடகை அறிவிப்பு, எதையும் விட்டதில்லை. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. அதற்காக நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிப்போம். முன்னாலிருந்து படித்தால் விஷயம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது. பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக மாட்டிக்கொள்ளும். பிடித்து உலுக்கிவிடலாம்.

என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். மேற்பார்வையாளர் தேர்வில் ஆங்கிலத் தாள் அவனை இரண்டு முறை காலை வாரிவிட்டது. அப்போது ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஞாயிறுதோறும் எதையாவது ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவான். நான் சிவப்பில் திருத்தி அனுப்புவேன். ஒரு மணி நேரத்துக்குள் "சரிங்க வாத்தியாரம்மா" என்று பதில் வரும். பிறகு திருத்தியதை நோட்டில் அழகாக எழுதி வைப்பான்.

இந்த ஞாயிறும் அனுப்பினான். பதினேழு பிழைகள். திருத்தி, கீழே "முன்னேற்றம் உண்டு. இறந்தகாலத்தில் கவனம் தேவை" என்று எழுதி அனுப்பினேன். நாலு நாளாகப் பதில் இல்லை. கையேட்டு வேலையில் நானும் கேட்கவில்லை. இன்று காலை கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

"என்னம்மா, கால்ல வெந்நீர ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிறீங்க?" என்றார் எதிர் மேசைக்காரர். ஒரு கமாவுக்காக அரை நாள் சண்டை போடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே கமா சார்தான்.

"அண்ணன் நாலு நாளா பதில் போடல சார்."

"என்ன எழுதியிருந்தாரு?"

"பதினேழு தப்பு."

"அது சரிம்மா. என்ன எழுதியிருந்தாரு?"

எழுதிய விஷயம் நினைவுக்கு வரவில்லை. பிழைகள் எல்லாம் நினைவில் இருந்தன. 'டிட் நாட் டோல்ட்' என்று எழுதியிருந்தான், டிட் வந்தபின் டெல் போதும். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதியிருந்தான், அபவுட் வேண்டாத சுமை. 'அஃப்ரெய்ட் ஃப்ரம்' என்றிருந்ததை 'அஃப்ரெய்ட் ஆஃப்' ஆக்கினேன். யாருக்கு யார் சொல்லவில்லை? யாரிடம் பேசினான்? எதற்குப் பயம்? அவன் எழுதியதையும் கடைசி வரியிலிருந்துதான் படித்திருந்தேன். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் முறையாக மேலிருந்து படித்தேன்.

ஒரு மாதமாக அவன் வலது கண்ணில் நிழல் விழுகிறது. போன வாரம் கிரேன் கொக்கி இரண்டாகத் தெரிந்து, கீழே நின்ற ஆள் ஒருவன் மயிரிழையில் தப்பினான். டாக்டரிடம் பேசியாயிற்று. வியாழன் பதினொரு மணிக்குத் துறைமுக ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. அண்ணிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு எட்டாவது மாதம். துணைக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். தமிழில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்றிருந்தான். இருட்டுக்குப் பயமாக இருக்கிறது, நீ வருவாயா என்று முடித்திருந்தான்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் கேள்விக்குறி போட மறந்திருந்தான். நான் போட்டிருந்தேன்.

மணி ஒன்பது நாற்பது. "கையேட்ட நான் பாத்துக்கிறேன், கிளம்புங்க" என்று கமா சார் என் பையை எடுத்துக் கையில் திணித்தார்.

ரயிலில் உட்கார முடியவில்லை. கதவுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நடந்துகொண்டே வந்தேன். மனிதர்கள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்து வயதில் என்னைப் பின்னால் உட்கார வைத்து சைக்கிள் மிதித்தவன் அவன். அவனுக்கு நான் மதிப்புரை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி மாடியில் ஏறும்போது பன்னிரண்டே கால். அறுவை அறைக் கதவு மூடியிருந்தது. எதிரே பெஞ்சில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். அண்ணன் பெயரை மூச்சிரைக்கச் சொல்லி எங்கே என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்காரு. நீங்க தங்கச்சியா?" என்றார். "நான் தையல்காரன்மா. எங்கம்மா பக்கத்துக் கட்டில். துணை இல்லேன்னா ஆபரேஷன தள்ளிப் போடுவோம்னாங்க. மனுசன் முகத்தப் பாக்க முடியல. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"என்ன பத்தி ஏதாவது சொன்னானா?"

"படிச்சிடுச்சு, பதில் சொல்லல, வேலை இருக்கும்னாரு. வந்தா இதக் குடுங்கன்னாரு."

அது அவன் நோட்டு. கடைசிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திருத்தங்களோடு அழகாகப் படி எடுத்திருந்தான். மேலிருந்து கீழே படித்தேன். ஒரு பிழை இல்லை. இருட்டுக்குப் பயம் என்பதைச் சரியான ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். வருவாயா என்பதற்குப் பின்னால் கேள்விக்குறியைத் தடித்து வரைந்திருந்தான். நோட்டை மடியில் கவிழ்த்துவிட்டு, அந்தத் தையல்காரர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "அந்தக் கிரேன்காரரோட ஆள் யாரு?" என்றார்.

நாங்கள் இருவரும் எழுந்தோம். நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு அசையக்கூடாதுன்னு ரெண்டுலயும் கட்டு, நாளைக்குத்தான் பிரிப்போம். மரத்துப்போக ஊசி போட்டதுதான், முழிப்பாத்தான் இருக்காரு. தங்கச்சி வந்துச்சா, வந்துச்சான்னு தொணதொணன்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

தையல்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நானே சொல்றேன்" என்று செருப்பைக் கழற்றினேன்.