ஏழாவது பெட்டை

1

இந்தக் கதையை என்னை எழுத வைத்தது ஒரு கோழிக்கால். போன வருஷம் ஜெராம் சந்தையில் ஒரு மலாய்க்காரர் விற்க வைத்திருந்த கம்பத்து நாட்டுக்கோழிகளில் ஒன்றுக்கு மட்டும் கால் மஞ்சளாக இல்லை. ஈயத்தின் சாம்பல் நிறம். அதன் அப்பன் காட்டுச் சேவல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கட்டை அவிழ்த்தால் மரத்துக்குப் போய்விடும் என்றார் அவர். எனக்கு நாகமணி ஞாபகம் வந்தாள்.

நாகமணியின் கதையை நாற்பது வருஷமாக வாயால் சொல்லி வருகிறேன், கண்ணுகளா. மாதா கோயில் மண்டபத்தில் சொன்னேன், சாவு வீடுகளில் விடிய விடியச் சொன்னேன். அதில் ஒரு பொய் இருந்தது. வாயில் நின்ற பொய் காகிதத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

2

முதல் தொடக்கம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் மலாயாவின் வானம் இருண்டு, துயரத்தின்—

(வேண்டாம். வானம் நன்றாகத்தான் இருந்தது.)

இரண்டாவது தொடக்கம்: அவசரகாலத்தில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிப் பத்தடி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்பது சட்டம். பால் மரம் சீவப் போகிறவர்களின் தூக்குவாளியைக்கூடக் கேட்டில் திறந்து பார்த்தார்கள். மனிதர்களை நிறுத்தியது வேலி. ஆனால் காலையும் மாலையும் ஒரு காட்டுச் சேவல் வேலியோரம் வந்து லயத்து நாகமணியின் பெட்டைக் கோழிகளைக் கூப்பிட்டது.*

இது போதும். இப்படியே போகலாம்.

* காட்டுச் சேவலின் கூவல் கடைசியில் இழுபடாது, வெட்டினாற்போல் நிற்கும். நம் வீட்டுச் சேவலுக்கும் அதுதான் பாட்டன். நம்மோடு இருந்து சோறு தின்றதில் பேரனுக்குக் குரல் நீண்டுவிட்டது என்பது என் கணக்கு.

3

வேலி போடும் முன்பே அந்தச் சேவலுக்கும் நாகமணியின் கோழிக்கும் குஞ்சுகள் பொரித்துவிட்டன. ஒன்பது பெட்டைகள், ஒன்பதுக்கும் சாம்பல் கால். லயத்தில் எல்லார் கோழியும் கலந்து மேய்வதால், தன்னுடையது தெரிய ஒவ்வொன்றின் காலிலும் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். வேலி போட்ட பிறகு இரண்டு பெட்டைகள் அதன் மேலேறிப் பறந்து சேவலோடு போய்விட்டன. பயந்துகொண்டு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஒரு நாள் காட்டுக்குள் போன ராணுவம், கம்யூனிஸ்டுகள் கைவிட்ட முகாம் ஒன்றைக் கண்டது. அடுப்புச் சாம்பலில் கோழி எலும்பு. எலும்பில் சிவப்புக் கரை.

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. பேனாவை நிறுத்தி அவளையே கேட்டேன்.

"நீ குடுத்தியா?"

"எழுதுறது நீங்க. என்னைக் கேட்டா எப்படிக்கா?"

"பொய் சொல்லாத."

"எம் புள்ள மாதிரி வளத்தது. குடுப்பேனா? கேட்டிருந்தா சோறு குடுத்திருப்பேன், கோழிய குடுத்திருக்க மாட்டேன்."

பதிலின் பின்பாதியை வைத்து நம்பினேன். தப்பிக்க நினைக்கிறவள் அதைச் சொல்லமாட்டாள்.)

4

தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் இருசப்பன் காலையிலேயே வந்து எச்சரித்தார். "நாகமணி, சாயந்தரம் வெள்ளக்கார துவான் வர்றாரு. உன் கோழி வெளிய போச்சாம். இனிமே ஒண்ணுகூட போவக்கூடாது, பாத்துக்க."

அவள் பார்த்துக்கொண்டாள். மத்தியானமே கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்க இறக்கையை வெட்டினாள். ஆறு அகப்பட்டன. ஏழாவது தகரக் கூரை உச்சிக்கு ஏறிக்கொண்டது.

சாயந்தரம், குருணைத் தகர டப்பாவோடு தீனி போட வெளியே வந்தவளை ராணுவ லோரி மறித்தது. வெள்ளைக்கார அதிகாரி பேச, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெர்னாட் தமிழில் சொன்னார்.

"வீட்டுக்கோழி பத்தடி வேலிய தாண்டாதாம். நீதான் கைமாத்தி விட்டேங்கிறாரு."

"அது பாதி காட்டுக்கோழிங்கய்யா. தானா பறந்துச்சு."

"அப்ப ஒண்ண பறக்கவுட்டுக் காட்டச் சொல்றாரு."

நாகமணி காலடியில் நின்ற ஆறையும் பார்த்தாள். "காலையில கேட்டிருந்தா பறந்திருக்கும். மத்தியானம் நாந்தான் இறக்கைய வெட்டிப்புட்டேன்."

யாரோ சிரித்தார்கள். இருசப்பன், "கெடுத்தியே லா," என்றார் தணிந்த குரலில். அவர் சொன்னதால்தான் வெட்டினாள் என்று அவருக்கும் தெரியும்.

அதிகாரி லோரியைக் காட்டினார். முதலில் தடுப்பு முகாம், பிறகு இந்தியாவுக்குக் கப்பல். அவள் பிறந்தது ஜெராமில். இந்தியா எந்தத் திசை என்றுகூடத் தெரியாதவள்.

"கூரையில ஒண்ணு இருக்குங்கய்யா," என்றாள். "அத வெட்டல."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். லோரிக்குத் தண்ணீர் ஊற்றி முடிவதற்குள் அது தானாக வேலியைத் தாண்ட வேண்டும் என்று அதிகாரி தவணை கொடுத்தார். யாரும் விரட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது.

5

வாயால் சொன்ன முடிவு: பெட்டை பறந்தது, நாகமணி தப்பினாள், பிள்ளைகள் கை தட்டினார்கள். இதுதான் அந்தப் பொய். கதையில் கோழியை நான்தான் வேலிக்கு மேல் தூக்கி எறிந்தேன்.

இன்னொரு முடிவு: பெட்டை முற்றத்தில் இறங்கியது, நாகமணி லோரியில்—

(முடியாது. அதையும் என் கையால் செய்யமாட்டேன்.)

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். வேலிக்கு அப்பால் சேவல் கூவியது, வெட்டினாற்போல் நின்றது. பெட்டை கூரை விளிம்புக்கு நடந்து வந்தது. அது தீனி நேரம். பொரித்த நாளிலிருந்து அந்தக் குருணைத் தகரத்தின் சத்தத்துக்கு ஓடி வந்தே வளர்ந்த கோழி அது. ஒரு கண்ணால் காட்டைப் பார்த்தது, மறு கண்ணால் முற்றத்தை. சிவப்புக் கரை காலில் இருந்தது.

நாகமணி வாயை இறுக்கி மூடியிருக்கிறாள். ஆனால் கை நடுங்குகிறது. தகரத்தில் குருணை லேசாக அசைகிறது.

என் கையும் வயசில் நடுங்கும், கண்ணுகளா. யாராவது அவளிடமிருந்து அந்தத் தகரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சத்தம் வராமல் இரண்டு கையாலும் பிடியுங்கள். மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள். கோழி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.