தொண்ணூறு நாள் தாடை

"பொம்பள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான்" என்று புது மேனேஜர் சொன்னபோது கிரஷர் யார்டில் இருபத்திரண்டு பேர் நின்றிருந்தோம். அதில் பொம்பளை நான் ஒருத்திதான். யாரைச் சொல்கிறார் என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் காலடியில் அன்று காலை கழற்றிய தாடை இரண்டும் கிடந்தன. பாறை உடைக்கிற மெஷினின் வாய்க்குள் எதிரெதிராக நிற்கிற கனத்த இரும்புப் பலகைகள் அவை. ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது முன்னும் பின்னும் ஆடும். நடுவில் சிக்குகிற பாறை நொறுங்கும். புதிதில் பலகை முழுக்க வரிவரியாகப் பல் இருக்கும். கீழ்ப்பாதிதான் முதலில் தேயும் என்பதால் நாற்பத்தைந்தாம் நாள் தலைகீழாகத் திருப்பி மாட்டி, தொண்ணூறு நாள் வரை ஓட்டுவது எங்கள் வழக்கம். இந்த ஜோடி திருப்புகிற நாளையே பார்க்கவில்லை. நாற்பத்தியோராம் நாளே கீழே பொக்கைவாய், திருப்பி மாட்டவும் லாயக்கில்லை. இதற்கு முந்தைய ஜோடியும் இப்படித்தான் போனது. அப்போது தாடையை வார்த்துக் கொடுத்த பட்டறையின் தலையில் பழியைப் போட்டோம். இந்தத் தடவை பட்டறை தப்பித்துக்கொண்டது, நான் மாட்டிக்கொண்டேன்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பேர் இஸ்திரி. புழுதி பறக்கிற யார்டில் அவருடைய கால்சட்டை மடிப்பு மட்டும் கலையவே கலையாது. வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

"நீ அள்ளி அள்ளிக் கொட்டறே. கொஞ்சம் கொஞ்சமா ஊட்டினா தாடை ஏன் தேயப் போகுது?" என்றார். "திங்கக்கிழமையிலேருந்து பெல்ட்டுக்குப் போயிடு. கேபின்ல வேற ஆள் உக்காரும்."

வேறு ஆள் என்றால் அவருடைய மச்சினன். அது எல்லோருக்கும் தெரியும். பெல்ட் வேலை என்றால் ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நின்று, கல்லோடு வருகிற வேரையும் கட்டையையும் பொறுக்குவது. அதைக் கேவலமாகச் சொல்லமாட்டேன், நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆனால் அங்கிருந்து மெஷினை ஓட்டுகிற கேபின் நாற்காலிக்கு வர எனக்கு ஆறு வருடம் பிடித்தது. உட்கார்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. கேட்டதும் எழுந்து கொடுக்க அது என்ன பஸ் சீட்டா?

"கொஞ்சம் கொஞ்சமா ஊட்டினாத்தான் சார் சீக்கிரம் தேயும்" என்றேன். "வாய் நிறைய கல்லு இருந்தா கல்லோட கல்லு மோதியே பாதி உடஞ்சிரும். அரைகுறையா போட்டா எல்லாம் நேரா அடியில போய் விழும். அடிப்பல்லு மட்டும் கிடந்து சாகும்."

"எனக்கே பாடம் நடத்தறியா?"

"ஒரு ஜோடி குடுங்க. என் இஷ்டத்துக்கு ஊட்டறேன். தொண்ணூறு நாள் உழைக்கலேன்னா நானே இறங்கிடறேன். நீங்க வாயத் திறக்கவே வேணாம்."

யாரோ சீட்டி அடித்தார்கள். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல இஸ்திரிக்கு மனமில்லை. அதோடு, நான் தோற்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை. "சரி, பாத்துடலாம்" என்றார்.

புதுத் தாடையை மாட்டியது என் தம்பி. அங்கே ஃபிட்டரும் அவன்தான், வெல்டரும் அவன்தான். கூடப் பிறந்தவன் என்ற சலுகையில் மெஷினை விட அதிகமாக என்னைத்தான் ரிப்பேர் பார்ப்பான்.

"தொண்ணூறுன்னு ஏன்க்கா வாய விட்டே? எழுபதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றான் போல்ட்டை முறுக்கிக்கொண்டே.

"தொண்ணூறு ஓடற சாமான எழுபதுன்னு சொல்ல நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

வெல்டிங் ராடு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, புதுத் தாடையின் பல்வரிசையில் வைத்து, அதே வளைவில் வெட்டிக்கொண்டேன். வாராவாரம் மெஷின் நிற்கிற நாளில் இந்த அட்டையைத் தாடையின் மேல் வைத்துப் பார்ப்பது என் திட்டம். அட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் எவ்வளவு சந்து விழுகிறதோ அவ்வளவு தேய்மானம். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "பொம்மை செய்யறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் மெஷினை நிறுத்திப் பூட்டிவிட்டு வாய்க்குள் இறங்கினேன். அட்டையை வைத்து, சந்தில் விரலை விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரலே நுழையக் கூடாத இடத்தில் கட்டைவிரல் நுழைந்தது. இப்படியே போனால் நாற்பது நாள் கூடத் தாங்காது. வாய் நிறையத்தான் ஊட்டினேன், ஒரு மணி நேரம் கூட வாயைக் காயவிடவில்லை. பிறகு எங்கே கோளாறு? இஸ்திரி சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் என் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

துணியால் தாடையைத் துடைத்துப் பார்த்தேன். பாறை மோதிய இரும்பில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். மாங்கனீஸ் கலந்த அந்த எஃகின் குணம் அப்படி: அடி வாங்க வாங்க இறுகும். இங்கே கீழ்ப்பக்கம் குழியே இல்லை. மேலிருந்து கீழாக நீளநீளக் கீறல்கள், மண் போட்டுத் தேய்த்த பாத்திரம் போலப் பளபளப்பு. பல்லிடுக்கில் ஈரமண் அப்பியிருந்தது. பாறை உடைத்து வந்த தேய்மானம் இல்லை இது. மண் உரசி வந்தது.

ஆனால் மண் வாய்க்குள் வரவே கூடாது. கல் வாயில் விழுவதற்கு முன்னால் தடித்த கம்பிகள் வைத்த சல்லடை ஒன்று உண்டு. பெரிய கல் அதன் மேல் உருண்டு வாய்க்குப் போகும், மண்ணும் பொடிக்கல்லும் கம்பி இடுக்கில் விழுந்து பக்கத்து பெல்ட் வழியாக வெளியே குவியும். நான் யோசித்தபடி மேலே ஏறி வந்து நின்றேன். மெஷினுக்குக் கல் அள்ளிவந்து கொட்டுகிற லோடர் வண்டியை ஓட்டுகிறவர் கீழே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதையும் நின்று செய்யாத மனிதர் என்பதால் அவர் பேர் அவசரம்.

"என்ன பாக்கறே? மண்மேட்டுல புல்லு நல்லா வளந்திருக்கா?" என்றார். "ரெண்டு ஆடு வாங்கி விடு. இஸ்திரி துரத்திவிட்டாலும் பொழச்சுக்கலாம்."

நான் மண்மேட்டைப் பார்த்தேன். உண்மையிலேயே முழங்கால் உயரத்துக்குப் புல். கேபின் ஜன்னலில் தினமும் கண்ணில் படுகிற புல்தான். தினமும் மண் கொட்டுகிற மேட்டில் புல் எப்படி முளைக்கும்?

தம்பியைக் கூப்பிட்டு, சல்லடை மேல் எப்போதும் மூடிக் கிடக்கிற கல்லையெல்லாம் அப்புறப்படுத்தினோம். அடியில் கம்பி தெரியவில்லை. ஒரு முழு இரும்புத் தகடு, நான்கு மூலையிலும் வெல்டிங் வைத்து, கம்பிகளை மூடிக்கொண்டு கிடந்தது.

தம்பி வெல்டிங் வைத்த மூலையைத் தடவிப் பார்த்தான். "இது நான் வச்சதுதான்க்கா. மூணு மாசம் முன்னாடி அந்த மழையில நீதானே சொன்னே?"

சொன்னேன்தான். அந்த மழையில் களிமண் கம்பி இடுக்கை அடைத்து அடைத்து உயிரை வாங்கியது. மணிக்கு ஒருதரம் நிறுத்தி, கடப்பாரையால் குத்தி எடுத்து, இடுப்பு விட்டுப்போனது. எரிச்சலில், "மூடித் தொலைடா, மழை விடட்டும்" என்று நானே கத்தினேன். பத்து நாளைக்கு என்று வைத்த தகடு. மழை விட்டது, தகடு நின்றது. கல் மூடிவிட்டதால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு ஜோடித் தாடையைத் தின்றது பட்டறையுமில்லை, நான் ஊட்டிய விதமுமில்லை. என் வாய்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பி காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் வீட்டுக்காரர் தையல்காரர். மிஷினை மிதித்தபடியே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

"நாளைக்கு லீவு. யார்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்றான் தம்பி. "நான் போய் தகட்ட வெட்டி எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது. தாடையும் நிக்கும், உன் நாற்காலியும் நிக்கும்."

"தெரிஞ்சா?"

"தெரியாதுங்கறேன்ல! நீயே போய்ச் சொன்னா அந்த ஆளு உன்ன விடுவாரா? எப்படா சாக்கு கிடைக்கும்னு காத்துக்கிட்டிருக்காரு."

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னை இருபத்தியோரு பேர் முன்னால் நிறுத்தி வைத்துப் பேசினார் அந்த ஆள். நான் திருட்டுத்தனமாக ஜெயித்து, அந்த ஆள் முகத்தை தினமும் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டுமா? நாளைக்கு என்னை அவர் முறைத்தால் நான் திருப்பி முறைக்க முடியாதே! அதை விட்டுவிட்டு எனக்கு எந்த நாற்காலியும் வேண்டாம்.

வீட்டுக்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இவ சொல்லாம இருக்கப் போறதில்ல மாப்ள. அப்புறம் எதுக்கு இந்த மாநாடு? கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

லீவு முடிந்து காலையில் எல்லோரும் கூடியதும் நானே முன்னால் போய் நின்றேன். சல்லடையை மூடச் சொன்னது நான், திறக்க மறந்தது நான், இரண்டு ஜோடி போனது அதனால்தான் என்று சொன்னேன். தம்பியின் பேரை எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் வேறு வெல்டர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் தலையைக் குனியாமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

இஸ்திரியின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! "ஆக, தப்பு உன்னுதுதான். ஒத்துக்கிட்டே. இறங்கிடு."

"தாடை தொண்ணூறு நாள் உழைக்கலேன்னா இறங்கறேன்னுதான் சார் பேச்சு. லீவைக் கழிச்சா இன்னைக்கு ஒன்பதாம் நாள்தான்."

"அந்த மண்ணு தின்ன நாளும் கணக்குல சேரும். புதுசா ஆரம்பிக்க விடமாட்டேன்."

"சேரட்டும். தகட்ட வெட்டற வரைக்கும் மெஷின் ஓடாது."

"யாரக் கேட்டு?"

"ஓட்டறவ நான். வெட்டாம ஓட்டணும்னா நீங்க ஏறி ஓட்டுங்க."

அவசரம் லோடர் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு வேலையைத் தள்ளிப்போட்டு நான் பார்த்தது அன்றுதான். அரைமணி நேரத்தில் தகடு நாலு துண்டாகக் கீழே கிடந்தது.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் மெஷினைப் பூட்டிவிட்டு, கடப்பாரையோடு சல்லடை மேல் ஏறி, இடுக்கில் சிக்கிய கல்லையும் களிமண்ணையும் நானே குத்தித் தள்ளினேன். "ஒருத்தி மட்டும் நிலத்த உழறாப்பா" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். மண்மேட்டுப் புல்லை மறுபடி விழுந்த மண் மூன்றாம் நாளே மூடிவிட்டது. வாயை நிறைத்தே வைத்திருந்தேன். நாற்பத்தைந்தாம் நாள் தாடையைத் திருப்பி மாட்டியபோது கீழ்ப்பக்கம் சின்னச் சின்னக் குழியாக, கறுத்து, இறுகியிருந்தது. தம்பி சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அறுபது தாண்டியது, எழுபது தாண்டியது. இஸ்திரி அட்டையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

எண்பத்துநாலாம் நாள் அட்டையை வைத்தேன். முடிந்துவிட்டது. பல் போய், பலகை கீழே மெலிந்து, இன்னும் இரண்டு நாள் ஓட்டினால் பின்னால் இருக்கிற மெஷின் உடம்பைக் கல் தொட்டுவிடும்.

"ஆறு நாள்தானேக்கா, ஓட்டிடு" என்றான் தம்பி. அவன் குரல் கெஞ்சியது. "உடம்புல லேசா தேஞ்சா யாருக்குத் தெரியும்?"

"தாடை மாத்தற சாமான். உடம்ப மாத்த முடியுமாடா?"

மெஷினை நிறுத்தினேன். நாற்காலியில் போட்டிருந்த என் மெத்தையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். அழுகை வந்தது. அடக்கவில்லை, துடைக்கவும் இல்லை. முதல் எட்டு நாள் என் தப்பில் போனது, அதற்கு யாரிடமும் போய்ச் சண்டை போட முடியாது. சத்தம் நின்றதும் ஒவ்வொருவராக யார்டுக்கு வந்தார்கள். இஸ்திரியும் ஓடிவந்தார்.

"எண்பத்துநாலு" என்றேன். "ஆறு குறையுது. சொன்னபடி இறங்கிட்டேன். உங்க மச்சினன வரச் சொல்லுங்க."

அவர் தாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பத்தியொன்று எழுபதைத் தாண்டியதற்கு முதலாளி தன் முதுகில் தட்டிக்கொடுத்ததை அவரே போன வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மச்சினன் வந்து அது மறுபடி நாற்பதானால் அதே கை எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆறு நாள் என்ன பெரிய ஆறு நாள்" என்றார். "அதெல்லாம் பரவாயில்ல. மன்னிச்சுட்டேன். புது ஜோடி மாட்டச் சொல்லு, ஏறு."

மன்னித்துவிட்டாராம்! எனக்கு அழுகை சட்டென்று நின்றுபோனது.

"மன்னிப்பு நான் கேக்கலியே சார்" என்றேன். மெத்தையை அந்தப் பழைய தாடை மேல் போட்டு உட்கார்ந்தேன். "என் தப்ப நான் இதே இடத்துல, இத்தனை பேர் முன்னால சொன்னேன். நீங்க அன்னைக்குச் சொன்னதும் இதே இடத்துலதான். தாடை தேஞ்சதுக்கு மண்ணு காரணம். மூடின தகடு காரணம். மூடச் சொன்ன நான் காரணம். நான் பொம்பளைங்கறது காரணம் இல்ல. அதைச் சொல்லுங்க, ஏறறேன்."

இஸ்திரி சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவர் உதவிக்கு வரவில்லை. ஒருவரும் வேலைக்கும் போகவில்லை. கல் கொட்டுகிற ஹாப்பர் தொட்டி நிரம்பி நின்றது, வாசலில் லாரிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு என்னவோ முனகினார்.

"கேக்கல சார்" என்றேன். "ஒன்பது வருஷம் இந்தச் சத்தத்துல உக்காந்த காது. கொஞ்சம் சத்தமா."

அவர் நிமிர்ந்தார். இந்தத் தடவை வாசலில் நின்ற லாரிக்காரர்களுக்கும் கேட்டது.