கோணல் துப்பாக்கியின் விலை

"அண்ணி, இந்தத் துருப்பிடிச்ச இரும்ப எடைக்குப் போட்டா என்ன கிடைக்கும்?" என்று கொழுந்தன் போபண்ணா ஒருமுறை முத்தக்கியிடம் கேட்டான். குடகின் ஆயுத பூசையான கைல்போது பண்டிகைக்காக வேட்டைத் துப்பாக்கிக்குச் செங்காந்தள் சூட்டிக்கொண்டிருந்தவள் சிரித்ததோடு விட்டுவிட்டாள்.

பாகப்பிரிவினை என்று வந்ததும் அதே இரும்பு அவனுக்குத் தங்கமாகிவிட்டது.

"சீமையில செஞ்சது அண்ணா. இப்ப இந்த மாதிரி எங்க கிடைக்கும்?"

காரணம் இருந்தது. துப்பாக்கி ஒருவருக்கு, அதன் மதிப்புக்கு ஈடாகப் பின்மேட்டு மிளகுக்கொடிகள் மற்றவருக்கு என்று பேச்சு. மூத்தவன் காளப்பாவுக்குத் துப்பாக்கிதான் உயிர். மதிப்பு ஏற ஏறக் கொடிகள் வரிசை வரிசையாகத் தம்பிக்குப் போகும். அந்தக் கொடிகளை நட்டவள் காளப்பாவின் மனைவி முத்தக்கி. அட்டை கடித்த தழும்புகள் இன்னும் அவள் காலில் இருந்தன.

மதிப்புப் போட மைசூரிலிருந்து ஷாமராவ் வந்தார். துப்பாக்கிக் கடை நடத்தி ஓய்ந்தவர். குழலுக்குள் டார்ச் அடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அடிக்கட்டையை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"கட்டையில விரிசல் இல்ல. குழலும் சுத்தம். குறி எப்படி?"

"குறியா?" காளப்பா உதட்டைப் பிதுக்கினான். "இடது பக்கம் ஒரு முழம் ஓடும் சார். சனியன்."

முத்தக்கிக்குச் சிரிப்பு முட்டியது. ஒரே தோட்டாவில் காட்டுப்பன்றியைச் சாய்த்த கதையைப் போகிற கல்யாணத்திலெல்லாம் சொன்ன வாய் அது. வேட்டைக்குத் தடை வந்தபிறகும் அந்தப் பன்றி கதைக்குள் பெருத்துக்கொண்டேதான் இருந்தது.

"சுட்டுக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார் ஷாமராவ்.

முற்றத்துக்கு அப்பால் பலாமரத்தில் தேங்காய் கட்டினார்கள். காளப்பா குறி பார்த்தான். கடைசி நொடியில் தோளை நைசாகத் திருப்பினான். டமார்! தேங்காய் அசையவில்லை.

"நான் சொல்லல?"

"அட, என்னா நடிப்பு! இங்க குடு!" போபண்ணா பிடுங்கிச் சுட்டான். தேங்காய் சிதறி, ஒரு சில்லு ஷாமராவின் சட்டைப் பையிலேயே விழுந்தது.

முத்தக்கி தலையில் கை வைத்தாள். "ரெண்டு வெடி போட்டுட்டீங்களே!"

குடகில் ஒரு வெடி கேட்டால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு கேட்டால் சாவு. ஆத்திரத்தில் அண்ணன் தம்பி இருவருக்குமே அது மறந்துபோனது.

சற்று நேரத்தில் வெள்ளை உடுத்திய ஊர் மேடேறி வந்தது. முன்னால் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னக்கா, மார்பில் அடித்துக்கொண்டு.

"ஐயோ காளப்பா! ஒரே தோட்டாவுல பன்னியச் சாய்ச்ச மகராசா! போயிட்டியா!"

"அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன்."

பொன்னக்கா கண்ணைத் துடைத்தாள். "அப்ப யாருதான் செத்தா?" குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

"யாரும் சாகல. துப்பாக்கி கோணலான்னு பார்த்தோம்."

"கோணலா? நாங்க தின்ன பன்னி பின்ன எப்படிச் செத்துச்சு? வயசாகியா?"

ஊரே காளப்பாவைப் பார்த்தது. அவன் மனைவியைப் பார்த்தான். மிளகு மேட்டைப் பார்த்தான். பிறகு மீசையைத் தடவினான். கொடிகள் போயின என்று முத்தக்கிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எவன் சொன்னான் கோணல்னு? ஒரே தோட்டா! நெத்திப் பொட்டுல!"

"வைரம் மாதிரி துப்பாக்கி!" என்று போபண்ணா கூட்டத்துக்கே கேட்கச் சொன்னான். ஷாமராவ் தொகையைச் சொன்னார். மேடு முழுவதையும் விழுங்கும் தொகை.

முத்தக்கி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். முதல் டம்ளர் கொழுந்தனுக்கு.

"நல்ல விலை தம்பி. நீங்களே எடுத்துக்கோங்க. மேட்ட எங்களுக்கு விட்டுடுங்க."

"ஏய்!" என்றான் காளப்பா. அவள் அவன் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தாள்.

போபண்ணா விழித்தான். "மைசூர் ஃபிளாட்ல இத எங்க மாட்டுறது? அதுவும் அண்ணி, இது கொஞ்சம்... இடது பக்கமா..."

ஷாமராவ் பையிலிருந்து தேங்காய்ச் சில்லை எடுத்துக் காட்டினார்.

"வைரம்னியேப்பா!" என்றாள் பொன்னக்கா.

"வேணாம்னா விடுங்க" என்றாள் முத்தக்கி. "அன்னைக்குக் கேட்டீங்களே, எடைக்குப் போடற விலை. அந்த விலைக்கு நாங்களே வச்சுக்கறோம்."

துக்கத்துக்கு வந்தவர்கள் காப்பியை உறிஞ்சியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போபண்ணா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அதன் பழைய ஆணியிலேயே மாட்டினான். வெளியே வந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மேட்டை விட்டு இறங்கிப் போனான்.