தாங்காத தீவு

அரசர் எங்களுக்குக் கொடுத்த தீவு, அங்குள்ளவர்களின் கேலிக் மொழி பேசாதவர்களைத் தாங்காது. கால் வைத்த உடனே என்றில்லை, மண்ணுக்குள் மெதுவாகத்தான் இறங்குவோம். மதியத்துக்குள் கணுக்கால், மாலைக்குள் முழங்கால். பிறகு ஒருவரையொருவர் இழுத்துவிட்டு, கப்பலுக்குத் திரும்பித் தூங்குவோம்.

நான் கொத்தன். கரையோரம் எங்கள் ஆட்களுக்கு வீடு கட்டுவது என் வேலை. கல்லை எங்கள் மொழியில் கேட்டு வாங்கி வைத்ததால் சுவரும் இறங்கியது. ஜன்னல் தரைமட்டத்துக்கு வந்ததும் அதையே வாசலாக்கிக்கொண்டு மேலே இன்னொரு தளம் கட்டினேன்.

எங்கள் தலைவர் பால்கம் அரசரின் ஆணையைத் தீவுக்கு வாசித்துக் காட்டினார். இந்த மண் இனி எங்களுடையது என்ற வரி வந்தபோது இடுப்புவரை போய்விட்டார். மிச்சத்தைப் படகிலிருந்து வாசித்தார்.

தீவுக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. மோரக் என்பவள் மட்டும் தினமும் பால் கொண்டுவந்தாள். என் மனைவி மரியன் அவளிடம் சொற்கள் கேட்டுக்கொண்டாள். பால், அடுப்பு, மழை. ஒவ்வொரு சொல்லுக்கும் விரலளவு உயர்ந்தாள். குளிர் தொடங்கியபோது புல் மடங்காமல் நடந்தாள். கப்பலுக்கு வருவதை விட்டு மோரக்கோடு தங்கிக்கொண்டாள்.

அந்த மொழியைக் கற்பவர்களுக்கு நிலத்தில் பங்கில்லை என்று அரசர் சொல்லியனுப்பினார். அதற்குள் நிலத்துக்கு மேலே எங்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரு புகைபோக்கிதான். பால்கம் புறப்படச் சொன்னார்.

நான் அந்தப் புகைபோக்கியருகே இடுப்புவரை மண்ணில் நின்றிருந்தேன். மரியன் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உஷ்கே என்று சொல்லுங்கள். தண்ணீர் என்று அர்த்தம்."

"தலைவர் பார்க்கிறார்."

"பார்க்கட்டும்."

சொன்னேன். மண் என்னை மேலே விட்டது.

"ஒரு சொல் எவ்வளவு தூரம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"எங்கள் வீடுவரை தாங்கும். படகுவரையும் தாங்கும்."

நம் வீடு என்று சொல்லியிருந்தால் நின்று யோசித்திருப்பேன். படகுப் பக்கம் நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அவள் அதை அந்த மொழியில் யாருக்கோ சொல்வது கேட்டது.

அரசர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. வரும் நவம்பர் மாதத்தை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே யாரும் குடியில்லை என்றார். என் பங்குக்கு மூன்றாவது வாரம் வந்தது. கொஞ்சம் ஈரமான வாரம். கல் இறக்கத் தொடங்கிவிட்டேன்.