கழற்றி வைத்த கண்ணாடி

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்த நர்ஸம்மா, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சின்னவளின் முகத்தைத்தான் பார்த்தார். காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று கேட்டபடி குனிந்திருந்தவளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேரை அசைய விடாமல் பிடித்து ஊசி போட்ட கை. ஓய்வுபெற்ற பிறகும் பிடி தளரவில்லை.

"ஏம்மா, நீ அந்தக் காணாம போன பொண்ணுதானே?"

பில் போடும் இடத்தில் இருந்த பெண், சுருட்டை முடியால் எல்லோருக்கும் 'சுருட்டை', தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல படம் ஒட்டியிருக்காங்களே, அதே மூஞ்சி. பெத்தவ வயிறு எரியும்மா. என்ன கோபமா இருந்தாலும் சரி, வீட்டுக்குப் போயிடும்மா."

"நான் தெனமும் வீட்டுக்குத்தாம்மா போறேன்" என்றாள் சின்னவள்.

நர்ஸம்மா நம்பாமல் பார்த்தார். கையை விடவும் மனசில்லை. கடைசியில் முதலாளி வந்து, இவள் பத்துப் பதினைந்து வருஷமாக இங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பி வைத்தார்.

"அக்கா, பேசாம கழுத்துல ஒரு அட்டை மாட்டிக்க. 'அவ நான் இல்ல'ன்னு பெருசா எழுதி" என்று சிரித்தாள் சுருட்டை. "இல்லேன்னா ஒரு நாளைக்கு உன்னைக் குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போய் உன் வீட்டுலயே விட்டுடுவாங்க."

சின்னவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலை மேஜைக்குத் திரும்பினாள். ஒரு பொடி ஆணியைத் திருகும்போது திருப்புளி வழுக்கி ஃபிரேமைக் கீறிவிட்டது. அவளுக்குக் கை வழுக்கி வருஷக்கணக்காகிறது.

அவளுடைய மேஜை கடையின் கண்ணாடிச் சுவரை ஒட்டி இருந்தது. தூரத்துப் பார்வைதான் அவளுக்குக் குறை. கிட்டத்து வேலைக்குத் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் குனிவாள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பது அந்த வெறும் முகத்தை. வேலை முடிந்து எழும்போது கண்ணாடியை மாட்டிக்கொள்வாள். வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது இந்த முகத்தை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சின்னவளின் அக்கா பெரியவள் பத்தொன்பது வயதில் காணாமல் போனாள். தைக்கக் கொடுத்த துணியை வாங்கி வருகிறேன் என்று மத்தியானம் கிளம்பினாள். துணியும் வாங்கவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. தன் செருப்பு வார் அறுந்திருந்ததால் சின்னவளின் புதுச் செருப்பைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் முழுக்க சின்னவள் அந்தச் செருப்புக்காக வாசலில் நின்று கறுவிக்கொண்டிருந்தாள். வரட்டும், வந்தால் ஒரு கை பார்க்கிறேன் என்று. அந்தக் கோபம் அப்படியே நின்றுவிட்டது. வந்தால்தானே தீர்ப்பதற்கு? போலீஸ் எழுதிக்கொண்ட அடையாளத்தில்கூட, பழுப்பு நிறச் செருப்பு என்று இருந்தது. பெரியவளின் அடையாளத்தில் சின்னவளின் செருப்பு.

பெரியவள் போன பிறகு சின்னவளுக்கு வெளியே போக அனுமதி இல்லை. கல்லூரி வேண்டாம் என்றார்கள். வந்த வரன்கள், "அந்த வீட்டுப் பொண்ணா?" என்று இழுத்துவிட்டுப் போனார்கள். அப்பா தேடித் தேடியே அலுத்து ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் சின்னவள் கடை வேலைக்குப் போனாள். அந்த வாடகை வீட்டின் கூரை மழைக்கு ஒழுகும், வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டால் அம்மா, "அவ வந்து கதவைத் தட்டினா யாரு தொறப்பா?" என்பாள். செத்திருந்தால் அழுது முடித்திருக்கலாம். ஓடிப் போயிருந்தால் திட்டித் தலைமுழுகியிருக்கலாம். பெரியவள் இரண்டும் செய்யவில்லை. வீட்டின் நடுவில் ஒரு பள்ளத்தைத் தோண்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மீதிப் பேர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் பழைய கேஸ்களைத் தூசி தட்டுகிறார். பெரியவள் இன்று இருந்தால் எப்படி இருப்பாள் என்று கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்து, பார்த்தவர்கள் போன் செய்யச் சொல்லி ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். சின்னவள் அதைப் பார்த்தும் பார்க்காமல்தான் தினமும் பஸ் ஏறினாள். அன்று சாயங்காலம் கிட்டே போய் நின்றாள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். லேசாகத் தளர்ந்த கன்னம். அக்கா என்று மனசு ஒப்பவில்லை. பிறகு மூக்கைப் பார்த்தாள். தண்டின் இரு பக்கமும், கடுகளவு, இரண்டு பள்ளங்கள். கண்ணாடி அழுத்தி அழுத்தி விழுந்த தடம். பெரியவள் வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை. சின்னவளை, "ஏய் நாலுகண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழவைத்தவள் அவள்.

அந்தப் படம் சின்னவளுக்குத் தெரியும். அவளுடைய அடையாள அட்டைக்காகக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்த படம். முடியை மட்டும் மாற்றிவிட்டிருந்தார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொல்லி டீயும் வரவழைத்தார்.

"சார், அந்தப் படத்துல இருக்கிறது நான்."

"கூடப்பொறந்தவங்கன்னா சாயல் இருக்கத்தாம்மா செய்யும்."

"சாயல் இல்ல சார், நானே. மூக்குல இந்தத் தடத்தைப் பாருங்க. உங்களுக்கு வர்ற போன் எல்லாம் எங்க கடைத் தெருவுல இருந்துதானே வருது?"

அவர் டீயைக் கீழே வைத்தார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது அதை வைத்த விதத்தில் தெரிந்தது.

"பழைய படம் தெளிவா இல்லம்மா. உங்க அம்மா குடுத்த உங்க படத்தை வெச்சுதான் செய்ய முடிஞ்சுது. நான் மறைக்கல. ஆனா போன் வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் இந்த ஃபைல் என் மேஜையில இருக்கும். படத்தை எடுத்தா ஃபைல் திரும்பப் பழைய கேஸ் ரூமுக்குள்ள போயிடும். அப்புறம் யாரும் தொடமாட்டாங்க. எடுக்கவான்னு உங்க அம்மாகிட்ட கேட்டு நீங்களே சொல்லுங்க."

பந்தை அவள் காலடியில் உருட்டிவிட்டு மறுபடி டீயை எடுத்துக்கொண்டார். அந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. சின்னவள், "சரி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். 'சரி' சொல்லிச் சொல்லியே தேய்ந்த வாய் அது.

வீட்டில் அம்மா அந்தப் படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். மூலைகளைத் தடவித் தடவிச் சுருக்கமில்லாமல் நீவிக்கொண்டிருந்தாள். கன்னத்தின் மேல் போன விரல்கள் அங்கேயே நின்றன.

"எப்படி இளைச்சுட்டா பாரு. சரியாச் சாப்பிடறாளோ என்னமோ."

சின்னவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது இளைத்ததை இந்த வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

"என் போட்டோவை எதுக்கும்மா குடுத்த?"

"கூடப்பொறந்தவ படம் வேணும்னாங்க. குடுத்தேன். அதனால உன் மூஞ்சி என்ன தேஞ்சா போச்சு?"

"அது அக்கா இல்ல. அது நான்."

"எனக்குத் தெரியாதா எம் பொண்ணை?"

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். சின்னவள் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, ஜனங்க பாக்குறது என்னை. கடையில உக்காந்திருக்கிற என்னைப் பாத்துட்டுப் போன் பண்றாங்க."

"நீ கண்ணாடி போட்டிருக்க. அவளைப் பாத்தவங்க யாரும் கண்ணாடின்னு சொல்லலையே." அம்மா அத்தோடு வழக்கை முடித்துவிட்டாள். "கடைத் தெருவுலதான் பாத்திருக்காங்களாம். நாளைக்கு மத்தியானம் நான் வந்து நிக்கப் போறேன். நீ ஒண்ணும் கூட வர வேண்டாம். உனக்கு எப்பவுமே அவமேல ஒரு வஞ்சம்."

மறுநாள் மத்தியானம் மேஜையிலிருந்து நிமிர்ந்து கண்ணாடியை மாட்டியபோது, எதிர்ச்சாரி மருந்துக் கடை நிழலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நல்ல புடவை. தலையைப் படிய வாரியிருந்தாள். தோளில் ஒரு பை. அதற்குள் பெரியவள் அன்று விட்டுப்போன அந்த வார் அறுந்த செருப்பு இருக்கும் என்பது சின்னவளுக்குத் தெரியும், போலீஸ் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் எடுத்துப்போவாள். போகிற வருகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அந்தப் பார்வை கண்ணாடிச் சுவரைத் தாண்டி சின்னவளிடம் வந்தது. சின்னவள் கையை உயர்த்தினாள். பார்வை நிற்காமல் அடுத்த ஆளுக்கு நகர்ந்தது.

"அது உங்கம்மா மாதிரி இல்ல?" என்றாள் சுருட்டை.

"மாதிரிதான்" என்றாள் சின்னவள்.

முடியைப் பிடித்திருந்த கிளிப்பைப் பிடுங்கி மேஜையில் எறிந்தாள். பெரியவள் அப்படித்தான் முடியை அவிழ்த்துப் போட்டிருப்பாள். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள். அம்மா நன்றாகப் பார்க்கட்டும். ஜனங்கள் எந்த முகத்தைப் பார்த்தார்கள் என்று ஒரு தடவை கண்ணாரப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, 'நீயா?' என்று சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தையை அவள் வாயாலேயே கேட்டுவிட்டு, நேராக ஸ்டேஷனுக்குப் போய், படத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எல்லாம் கரைந்திருந்தது. ஹார்ன் சத்தம் ஒன்று மேலே மோதுகிற மாதிரி வந்து விலகியது. எதிர்ச்சாரியில் ஒரு நிறத் திட்டு. அதை நோக்கி நடந்தாள்.

நிறத் திட்டு அசைந்தது.

"கண்ணு!"

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. அம்மாவுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. "கண்ணு, வந்துட்டியாடி? வந்துட்டியா எஞ் சாமி?"

பை விழுந்த சத்தம் கேட்டது. திட்டு அகலமானது, கைகளை விரிக்கிறாள் போலிருக்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் மாதிரி ஏதோ இருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியை மாட்டினால் இவளுக்கும் தெரிந்துவிடும், அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதும், எந்த நொடியில் அணைகிறது என்பதும்.

சின்னவள் தெரு நடுவில் நின்றாள். வண்டிகள் திட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயின. மூடிய கைக்குள் கண்ணாடியின் கம்பி வளைந்துகொண்டே போனது.