நாற்பத்து மூன்றாவது வாக்கியம்

இந்தப் பொட்டிக்குள்ள போன கொரலு திரும்ப வூட்டுக்கு வருமா, என்று தெய்வானை கேட்கிறாள், ஏழு வயதுப் பெண், ஒலிப்பதிவுக் கருவியின் இரண்டு சக்கரங்களும் மெல்லச் சுழல்வதையே பார்த்தபடி, கோடைப் பயிற்சியில் மொழியியல் படிக்க வந்தவன் நான், நாடா இன்னும் எவ்வளவு மிச்சம் என்று குனிந்து பார்க்கிறேன். கிள்ளைக்குக் கிழக்கே ஒரு மீனவக் குப்பம், மே மாத வெயில், ஓலைக் கூரையின் கீழ் அவள் அம்மா பச்சையம்மாள் வலையில் சிக்கெடுத்துக்கொண்டே என் பட்டியலில் உள்ள வாக்கியங்களைத் தன் பேச்சில் சொல்லிவந்தாள், ஒவ்வொன்றையும் மூன்று முறை, முதல் முறை நாக்கு கூச்சப்படும், மூன்றாவதில்தான் இயல்பாக வரும் என்பது எங்கள் பேராசிரியர் அருளானந்தம் போட்ட சட்டம். என் மகன் வந்தான், மூன்று முறை, என் மகன் போனான், மூன்று முறை, நாற்பத்து மூன்றாவதாக, என் மகன் செத்தான்.

அவள் கை நின்றது. அத எப்படித் தம்பி என் வாயால சொல்லுவேன், எம்மவன் காத்தவராயன் கடலுக்குப் போயி மூணு நாளாச்சு, காத்தும் சரியில்ல, ஆடு செத்துப்போச்சுன்னு சொல்றேன், எழுதிக்கயேன், என்கிறாள், நானோ, பட்டியலில் மகன் என்றுதான் இருக்கிறது, மாற்றினால் மொத்தப் பதிவையும் தள்ளிவிடுவார், நாளைக்குள் கொடுக்கவேண்டும், என்கிறேன். ஒங்க வாத்தியாருக்குப் புள்ளகுட்டி கெடையாதா, என்று சிரித்தாள், சிரித்தபடியே என்னைப் பார்த்தாள், பசியும் தேர்வுப் பயமும் அப்பிய இருபத்திரண்டு வயது முகம், அதற்கு இரங்கிவிட்டாள். சொல்றேன், ஆனா வாத்தியாரு கேட்டதும் அழிச்சிப்புடணும், சத்தியமா, என்றாள், சத்தியமாக, என்றேன், எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல். கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை சொன்னாள், மூன்றாவதும் இயல்பாக வரவில்லை, எழுந்து போய்க் கடல்நீரை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினாள், சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன, அப்போதுதான் தெய்வானை அதைக் கேட்டது.

அதற்கு இரண்டாம் நாள் காத்தவராயன் கரை சேர்ந்தான். விடுதிக்கு ஒரு ஓலைப்பெட்டி நிறைய மீன் வந்தது, நீ அழிச்சிட்ட, கடலும் வுட்டுடுச்சு, என்று சொல்லியனுப்பியிருந்தாள், நான் அழித்திருக்கவில்லை, வகுப்பிலேயே சிறந்தது என்று பேராசிரியர் பாராட்டிய பதிவு, அழிக்க மனம் வரவில்லை. அந்த மீனைச் சாப்பிட்டேன், ஒரு முள்கூடக் குத்தவில்லை, அதுதான் இத்தனை வருடமாகக் குத்துகிறது. பிறகு நானே கோடை வகுப்புகள் நடத்தினேன், பட்டியலில் மகன் இருந்த இடத்தில் ஆடு என்று மாற்றினேன், ஏன் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது, கனவில் மட்டும் வலையும் நாடாவும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும், அவள் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை பழைய நாடாக்களெல்லாம் நூலகத்துக்குப் போகின்றன, இனி யார் வேண்டுமானாலும் கேட்கலாமாம். இன்று காலை சாமி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, அந்த நாடாவை மாட்டுகிறேன், மகன் வந்தான், மகன் போனான், அவள் மூச்சை இழுக்கும் இடம் வந்ததும் பதிவு விசையை அழுத்திக்கொண்டு, பழையது அழியட்டும் என்று வாய் திறக்காமல் இருக்கிறேன், ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை சொல்லும் நேரம், வெளியே ஒரு காகம் கரைகிறது, கரையட்டும், அந்த இடத்தில் அது இருக்கட்டும். விரலை எடுக்கிறேன். பட்டியல் தாளில் நாற்பத்து மூன்றுக்கு நேரே, பதிவு இல்லை, என்று எழுதுகிறேன். சக்கரங்கள் சுழல்கின்றன, தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை, பிறகு ஏழு வயதுக் குரல், இந்தப் பொட்டிக்குள்ள போன கொரலு திரும்ப வூட்டுக்கு வருமா.

வந்திடுச்சும்மா, என்கிறேன், அறையில் யாரும் இல்லை.