இறங்காத விமானம்

ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் வேண்டாம், தகவல்தான் வேண்டும் அவருக்கு.

“எங்க வந்திருப்பான்?”

“மலையெல்லாம் தாண்டிட்டானாம்பா,” என்றாள் மகள். வாய் கூசாமல் வந்தது பொய்.

வடக்கே வேலையிலிருக்கும் தம்பி இன்னும் விமானமே ஏறவில்லை. காலையில் “இதோ ஏறப்போறேன்க்கா” என்று போன் செய்தான். உடனே இவள் “ஏறிட்டான்பா” என்று முந்திக்கொண்டாள். பிறகுதான் பனிமூட்டம், விமானம் ரத்து, இனி சாயங்காலம்தான் என்று தெரிந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மகன் வருகிறான் என்றதும் இரண்டு வாய் பால் குடித்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

“எவ்ளோ தூரம்?”

“மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும்பா. நாலு மணி நேரம்.”

ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவருக்கு அது ஒரு வாரத்து ஓட்டம். “நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டானா?”

“வானத்துல டீக்கடை ஏதுப்பா?”

உதட்டோரம் லேசாகச் சிரித்தார். அப்படியே கண்ணயர்ந்தார்.

மதியத்துக்கு மேல் விழித்தபோது மூச்சு விட்டுவிட்டு வந்தது. கணக்கு மட்டும் தப்பவில்லை. “இறங்கியிருக்கணுமே.”

“மேலயே சுத்துதாம்பா. இறங்க இடம் கிடைக்கலையாம்.”

லோடு இறக்க நாள் கணக்கில் காத்துக்கிடந்தவர், நம்பினார். அடுத்த பொய்யில் பெட்டி வர நேரமானது. அதற்கப்புறம் டாக்ஸி கிடைக்கவில்லை.

“கடைத்தெரு வழியா வேணாம்னு சொல்லு. மாட்டிக்குவான். பாலத்துக்குக் கீழ திரும்பச் சொல்லு.”

“சொல்லிட்டேன்பா.”

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குள் ஓடினாள். பின்னாலேயே வந்தாள் அத்தை, அப்பாவின் தங்கை.

“ஏன்டி, இன்னும் எத்தனை பொய் சொல்லப்போற?”

“உண்மையைச் சொன்னா அப்பவே உசுரை விட்டுடுவாரு அத்தை. அவன் வர்ற வரைக்குமாவது தாங்கட்டும்.”

“தாங்குறதா? அங்க வந்து பாரு. ஒவ்வொரு மூச்சுக்கும் எப்படித் துடிக்கிறாருன்னு பாரு. வராதவனுக்காக எங்கண்ணனை இழுத்துப் புடிச்சு வச்சிருக்க நீ.”

சுருக்கென்றது. திரும்பி வந்து பார்த்தாள். அத்தை சொன்னது சரிதான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் விரல்கள் போர்வையைப் பிறாண்டின. வாசலில் குத்திட்ட பார்வை அசையவே இல்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். தம்பி அங்கே வரிசையில் நின்றுகொண்டிருப்பான். பாவி, இவருக்குப் பிள்ளையாகப் பிறந்தும் இந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

“அப்பா,” என்றாள் காதருகில். “தெருமுனைக்கு வந்துட்டான்பா. இதோ, வண்டியை விட்டு இறங்குறான்.”

“வந்துட்டானா?”

“வந்துட்டான்பா.”

அவள் கைக்குள் விரல்கள் தளர்ந்தன. ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. கண்கள் வாசலைப் பார்த்தபடியே நின்றுவிட்டன.

போன் அடித்தது. தம்பி.

அத்தை “அண்ணா” என்று கதற வாயெடுத்தாள். மகள் பாய்ந்து அந்த வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் போனை எடுத்தாள்.

“அக்கா, ஏறிட்டேன். கதவை மூடப்போறாங்க. அப்பா எப்படி இருக்காரு?”

“வாசலையே பாத்துட்டு இருக்காருடா.”

“நாலே மணி நேரம்னு சொல்லுக்கா. இதோ வந்துடறேன்.”

“சரிடா. பத்திரமா வா.”

பேச்சு துண்டிக்கப்பட்டுவிட்டதா என்று ஒரு முறைக்கு இருமுறை பார்த்தாள். பிறகுதான் அத்தையின் வாயிலிருந்து கையை எடுத்தாள்.